தோளில் போட்ட மிதவைச் சட்டை

காவிரியில் தண்ணீர் வருகிற நாளை ஊரெல்லாம் பயிருக்காக எதிர்பார்க்கும். இலுப்பைத்துறை அம்சவல்லி எதிர்பார்த்தது வேறு. காவிரிக்குக் கொள்ளாத தண்ணீரைக் கொள்ளிடத்தில் திருப்பி விடுவார்களே, அந்த வெள்ளத்தை. கொள்ளிடத்தில் ஆள் ஆழம் ஓடினால்தான் ஓடம் ஓடும். ஓடம் ஓடினால்தான் மிராசுதார் சந்தானகிருஷ்ணன் அவள் முன்னால் வந்து நின்றாக வேண்டும். கோடையில் ஆறு மணலாகக் கிடக்கிற மாதங்களில் மனுஷன் குடையை விரித்துக்கொண்டு, நடு ஆற்றில் இருக்கும் தன் திட்டுக்குக் காலாலேயே நடந்து போய்விட்டு வருவார். திட்டு என்றால் ஆற்றுக்குள் மேடாக ஒதுங்கிய வண்டல் நிலம்; அவருடையதில் வாழை நின்றது. அவர் நடந்து போவதைக் கரையிலிருந்து பார்ப்பது அம்சவல்லிக்குப் பெரிய வயிற்றெரிச்சல்.

"நடங்க, நல்லா நடங்க. ஆடி வராமலா போயிடும்?" என்று முணுமுணுப்பாள்.

அவளுக்கு மறதி என்ற ஒன்று கிடையாது. சின்னப் பெண்ணாக இருந்தபோது, திருக்காட்டுப்பள்ளியில் ஒரு கடைக்காரர் அவள் கை பட்டுவிடக் கூடாது என்று வெல்லக்கட்டியை உயரத்திலிருந்து அவள் பாவாடையில் போட்டார். அந்தக் கடைப் பக்கம் அவள் அதற்குப் பிறகு போகவே இல்லை. கடைக்காரர் போய், அவர் மகன் காலம் வந்து, அதே இடத்தில் பிளாஸ்டிக் சாமான் விற்ற காலத்திலும் எதிர்ப்பக்கமாகத்தான் நடப்பாள். வெல்லத்துக்கே இவ்வளவு என்றால் புருஷனுக்கு எவ்வளவு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

புருஷன் பெயர் ரெத்தினம். மிராசுதாரின் திட்டில் வாழைக்குப் பள்ளம் வெட்டுவது, தார் சுமப்பது, வெள்ளக் காலத்தில் ஓடத்துக்குக் கழி போடுவது எல்லாம் அவன் வேலை. நல்ல நீச்சல்காரன். ஆற்றில் முழுகிச் செத்தான் என்றால் தெரிந்தவர்கள் யாரும் நம்ப மாட்டார்கள். அவனைத் தண்ணீர் கொல்லவில்லை. இந்த ஊர் வழக்கம் ஒன்று கொன்றது. அதை வாயால் ஏவியவர் சந்தானகிருஷ்ணன்.

வழக்கம் இதுதான். மிராசுதார் எதிரே வந்தால் கூலிக்காரன் தோளில் கிடக்கும் துண்டு இடுப்புக்கு இறங்கிவிட வேண்டும். தோளில் துண்டு போடுவது மானப் பிரச்சினை என்று மேடைக்கு மேடை பேசியவர்கள் கோட்டையில் உட்கார்ந்து வருஷங்கள் ஓடிவிட்டன. குத்தகைக்காரனுக்குச் சட்டம், நிலத்துக்கு உச்சவரம்பு, கூலிக்கு உயர்வு என்று உத்தரவுகள் வந்தபடி இருந்தன. செங்கொடிச் சங்கமும் வந்து, அறுப்புக்கு அறுப்பு தகராறும் நடந்தது. இலுப்பைத்துறையில் துண்டு மட்டும் மேலே ஏறவில்லை. நிலம் போய்விடுமோ என்ற பயம் ஏற ஏற, மிராசுதாருக்கு மற்றவர்கள் தோள்மேல் கண் அதிகமாயிற்று.

அந்தச் சமயத்தில் வேறொரு துறையில் ஓடம் கவிழ்ந்து சிலர் செத்துப்போனார்கள். ஆள் ஏற்றும் ஓடம் எதுவானாலும் மிதவைச் சட்டை இருக்க வேண்டும் என்று தாலுகா ஆபீஸ் உத்தரவு போட்டது. மிராசுதாரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு தன் ஓடத்துக்கு வாங்கி வைத்தார். ஆரஞ்சு நிறக் கித்தான் துணி. உள்ளே பிளாஸ்டிக் பையில் அடைத்த இலவம்பஞ்சு. கழுத்துக்குப் பின்னால் ஒரு பட்டை. முன்னால் கட்டிக்கொள்ள நாடா. ஊரில் அதற்குப் பஞ்சுச் சட்டை என்று பெயராகிவிட்டது.

அதைப் போட்டுக்கொள்ளும் முறையைத் தீயணைப்புக்காரர் ஒருவர் திருக்காட்டுப்பள்ளிப் படித்துறையில் செய்து காட்டினார். முதலில் இறங்கிப் போட்டுக்கொண்டவன் ரெத்தினம். அன்றைக்குச் சாயந்தரம் வீட்டுக்கு வந்து, சாக்கில் வைக்கோலை அடைத்து அம்சவல்லிக்குக் கட்டிவிட்டுப் பாடமே நடத்தினான்.

"பஞ்சு நெஞ்சுலயும் தோள்லயும் இருக்கணும் புள்ள. கழுத்துப் பட்டை பின்னந்தலைக்கு அண்டக் கொடுக்கும். விழுந்தா ஆளை மல்லாக்கத் திருப்பிப் போட்டுடும். மூஞ்சி மேல இருக்கும், மூச்சு விட்டுக்கலாம். மயக்கமே போட்டாலும் சாவ மாட்ட."

பிறகு சாக்கின் தோள்பக்கத்தைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தான். அது அவள் காது வரை ஏறியது. "இது செல்லாது, இறுக்கணும்" என்று நாடாவை இழுத்தான். மூச்சு முட்டுகிறது என்று அவள் சிரித்தாள்.

அந்த ஐப்பசியில் கொள்ளிடம் செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு ஓடியது. திட்டில் தார்கள் அழுகுவதற்குள் வெட்டியாக வேண்டும் என்று மிராசுதார் கரையில் வந்து நின்றார். ஆண்கள் முதல் நடையில் ஏறினார்கள். அம்சவல்லியும் மற்றப் பெண்களும் அடுத்த நடைக்குக் காத்திருந்தார்கள். ரெத்தினம் சட்டையைத் தோளில் மாட்டி, நாடாவை நெஞ்சுக்குக் கீழே முடிந்துகொண்டு, கழியுடன் ஓடத்தின் முனையில் நின்றான்.

"டேய் ரெத்தினம்! என்னடா, மாப்பிள்ளைக் கணக்கா தோள்ல போட்டுக்கிட்டு நிக்கிற? எறக்குடா!"

"ஆண்டே, இதை இப்படித்தான் போடணும்னு சொன்னாங்க..."

"எனக்கே பாடம் சொல்றியா? எம் முன்னாடி எவன் தோள்லயும் எதுவும் கிடக்கக் கூடாது. இடுப்புல கட்டு. கட்டலைன்னா எறங்கி வீட்டுக்குப் போ, நாளைக்கும் வராத."

ரெத்தினம் ஒரு நிமிஷம் அம்சவல்லியைப் பார்த்தான். பிறகு சட்டையைக் கழற்றி இடுப்பில் சுற்றி, நாடாவை இரட்டை முடிச்சாகப் போட்டுக்கொண்டான். மற்றவர்களும் அப்படியே செய்தார்கள்.

நடு ஆற்றில் அடித்து வந்த மரம் ஒன்று மோதி ஓடம் கவிழ்ந்தது. உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் ஓடத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்கள். முனையில் நின்ற ரெத்தினம் தூரத்தில் போய் விழுந்தான். இடுப்பில் கட்டிய பஞ்சு இடுப்பைத்தான் மேலே தூக்கும். தலை கீழே போகும். கை காலை அடித்துத் தலையைத் தூக்கப் பார்க்கிறான், பஞ்சு விடவில்லை. நனைந்த முடிச்சை அவிழ்க்கப் பார்க்கிறான், முடிச்சும் விடவில்லை. கரையிலிருந்து அம்சவல்லி பார்த்தது ஆரஞ்சு நிறமும் இரண்டு பாதங்களும்தான்.

விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் மிராசுதார் வெகு வருத்தமாகப் பேசினார். "நான் வாங்கிக் கொடுத்தேன் சார். போடத் தெரியலை. துண்டு மாதிரி இடுப்புல சுத்திக்கிட்டான். விவரம் இல்லாத ஜனம், என்ன பண்றது?" அம்சவல்லி நடந்ததைச் சொன்னாள். மற்றவர்களை அதிகாரி கேட்டபோது எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். அவர்கள் குடியிருந்த மனை மிராசுதாருடையது, என்ன செய்வார்கள்? ரெத்தினம் தன் அறியாமையால் இறந்தான் என்று முடிந்தது. செத்தவனை முட்டாள் என்றும் ஆக்கிவிட்டார்கள். அதைத்தான் அம்சவல்லியால் விழுங்க முடியவில்லை.

அவளுடைய அண்ணன் அரிவாளைத் தீட்டிக்கொண்டு வந்தான். அவள் அதைப் பிடுங்கி வைத்தாள்.

"வெட்டிட்டா? நீ செயிலுக்குப் போவ, அந்தாளு நல்லவரு ஆயிடுவாரு. அவரு சாவக் கூடாது. நூறு வயசு இருக்கணும். எம் புருஷன் சரியாத்தான் போட்டிருந்தாரு, நான்தான் எறக்க வச்சேன்னு அவரு வாயாலயே சொல்லணும். அதுதான் எனக்கு வேணும்."

இந்த ஒரு ஆசையை வைத்துக்கொண்டு அவள் நடவு நட்டாள், களை பறித்தாள், வருஷங்களைத் தள்ளினாள். விபத்துக்குப் பிறகு மிராசுதாரின் ஓடத்தைத் தடுத்து, துறையைப் பஞ்சாயத்து எடுத்துக்கொண்டது. சங்கத்துத் தலைவர் ஜெக்கரியா, கூலிக்காரர்கள் பேரில் துறையைக் குத்தகைக்கு எடுத்தார். சட்டைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று வந்தபோது, கேட்பதற்கு முன்பே அம்சவல்லி துறையில் போய் உட்கார்ந்துவிட்டாள். கழி போட வந்தவன் சாமிதுரை. அன்றைக்கு விசாரணையில் தரையைப் பார்த்தவர்களில் அவனும் ஒருவன். அதனாலேயே அம்சவல்லி தலையசைக்காமல் அவன் ஓடத்தைத் தள்ள மாட்டான்.

முதல் வேலையாக அவள் பழைய சட்டைகளைப் பிரித்தெடுத்தாள். அவற்றைச் சிலர் உட்கார மெத்தையாகப் போட்டு நசுக்கியிருந்தார்கள். உள்பை கிழிந்து தண்ணீர் குடித்த சட்டை கையில் எடுத்தாலே கனக்கும், அமுக்கினால் எழும்பாது. அதையெல்லாம் கொளுத்தினாள். புதியதைக் கடைக்காரர் கட்டாக நீட்டினால் வாங்க மாட்டாள். ஒவ்வொன்றாக அமுக்கி, தையலை இழுத்து, ஆற்றில் ஒரு நாள் ஊறப்போட்டுத்தான் எடுப்பாள். தடித்தவருக்கு ஒன்று, நோஞ்சானுக்கு ஒன்று, பிள்ளைகளுக்குத் தொடைவழியாக வரும் நாடாவோடு ஒன்று. பெண்கள் சட்டைக்குமேல் முந்தானையைச் சுற்றிக்கொண்டு நின்றால், "தண்ணிக்குள்ள அது கழுத்தைச் சுத்தவா? உள்ள விடு" என்று அதட்டுவாள்.

யார் ஏறினாலும் இரண்டு கேள்வி. "எங்க போடணும்?" என்பாள். "தோள்ல" என்று சொல்ல வேண்டும். "இடுப்புல கட்டினா?" என்பாள். "தலை கீழ போயிடும்" என்று சொல்ல வேண்டும். பிறகு தோளைப் பிடித்துத் தூக்குவாள். சட்டை மோவாய்க்கு மேலே வந்தால் அவிழ்த்து மறுபடி கட்டு. பள்ளிக்கூடத்து வாத்தியார் ஆனாலும் சரி, நாகூர் கந்தூரிக்குப் போய்விட்டு வந்த கலந்தர் பாய் ஆனாலும் சரி, பதில் சொல்லாமல் அக்கரை கிடையாது.

மிராசுதார் அந்தப் பக்கமே வரவில்லை. மழைக்காலம் முழுக்கத் திட்டை ஆட்களிடம் விட்டுவிட்டு வீட்டிலேயே இருந்துகொண்டார். அம்சவல்லி விடவில்லை, காத்திருந்தாள். கடைசியில் உச்சவரம்புச் சட்டம் அவரைத் துறைக்குத் தள்ளிக்கொண்டு வந்தது. திட்டு யார் அனுபவத்தில் இருக்கிறது என்று பார்க்க வருவாய் ஆய்வாளர் வருவதாகச் சேதி வந்தது. மிராசுதார் அங்கே நேரில் நிற்கவில்லை என்றால் நிலம் கூலிக்காரர்களுக்குப் போய்விடும்.

ஆய்வாளர் வந்த அன்று அம்சவல்லி அவரை முதல் நடையிலேயே ஏற்றி அனுப்பிவிட்டாள். பிறகுதான் மிராசுதார் வேர்க்க விறுவிறுக்க வந்தார். துறையில் கூட்டம் நின்றது.

"வாங்க" என்றாள் அம்சவல்லி. ஆண்டே என்ற சொல்லை அவள் ரெத்தினத்தோடு சேர்த்துப் புதைத்துவிட்டிருந்தாள். "எங்க போடணும்?"

"தோள்ல."

"இடுப்புல கட்டினா?"

"தலை... தலை கீழ போயிடும்."

"ரெத்தினம் எங்க போட்டிருந்தாரு?"

மிராசுதார் சாமிதுரையைப் பார்த்தார். சாமிதுரை கழியை மணலில் ஊன்றி அதன்மேல் சாய்ந்துகொண்டான்.

"அது எதுக்கு இப்ப? நேரமாகுது, தள்ளச் சொல்லு."

"எனக்கு ஒண்ணும் அவசரம் இல்லீங்க. சொல்லிட்டு ஏறுங்க."

அவர் கத்திப் பார்த்தார். பஞ்சாயத்தில் சொல்லி உன்னைத் தொலைத்துவிடுவேன் என்றார். திட்டில் ஆய்வாளர் வாழைக்கு நடுவே நடந்து போவது இங்கிருந்தே தெரிந்தது. அதைப் பார்த்ததும் மனுஷனுக்குக் குரல் இறங்கிவிட்டது.

"தோள்லதான் போட்டிருந்தான்."

"அப்புறம் இடுப்புக்கு எப்படிப் போச்சு?"

"நான்... எறக்கச் சொன்னேன்."

"கடைசியில நிக்கிறவங்களுக்குக் கேக்கலியாம்."

"நான்தான் எறக்கச் சொன்னேன்!"

அம்சவல்லி சட்டையை எடுத்து அவர் தோளில் மாட்டினாள். அவர் ஒல்லி உடம்பு, சட்டை மேலே ஏறியது. பிள்ளைகளுக்குப் போடுகிற தொடை நாடாவை வேட்டிக்குமேல் விட்டு இறுக்கிக் கட்டினாள். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. முடிச்சை ஒன்றுக்கு இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத் தலையசைத்தாள்.

ஒரு தடவை சொன்னதோடு தீர்ந்தது என்று அவர் நினைத்தார், பாவம். திட்டு பற்றிய நில வழக்கு இழுத்துக்கொண்டே போனது. திட்டுக்கு அவர் போய் வந்துகொண்டே இருக்க வேண்டியதாயிற்று. வெள்ளக் காலத்தில் ஒவ்வொரு முறை ஏறும்போதும் மூன்றாவது கேள்வி காத்திருந்தது. தாசில்தாருக்குப் புகார் எழுதினார். என்ன கேள்வி என்று எழுதினால் பதிலையும் எழுத வேண்டும் அல்லவா? அதனால் பயணிகளைத் தாமதப்படுத்துகிறாள் என்று மட்டும் எழுதினார். தாசில்தார் வந்து பார்த்தார். அம்சவல்லி அவருக்கும் சட்டையைக் கட்டி, இரண்டு கேள்வியைக் கேட்டு, தோளைப் பிடித்துத் தூக்கினாள். எல்லாத் துறையிலும் இப்படி இருந்தால் தேவலை என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

மிராசுதாருக்கென்று ஒரு சட்டையை அவள் தனியாக வைத்திருந்தாள். இருக்கிறதிலேயே நல்லது அது. சாமிதுரைக்கு அது பொறுக்கவில்லை.

"அக்கா, அந்தாளுக்குப் போயி இம்புட்டு அக்கறையா? முடிச்சைக் கொஞ்சம் லூசா விட்டா ஆறு பாத்துக்கும்."

"ஆறு ஒரே நாள்ல முடிச்சிடும்டா. எனக்கு அது போதாது."

ஊர் முழுக்க அவர் சொன்னதைக் கேட்டாயிற்று. கேட்காத ஒரே ஆள் அவர் மனைவி மதுரம். துறைப் பக்கம் வந்து பழக்கமில்லாத அம்மாள். கூலிக்காரப் பெண்கள் கொல்லைப்புறத்தில் நின்றால், "படிச்சுப் படிச்சுச் சொல்லி வாங்கிக் கொடுத்தாரே எங்க வீட்டுக்காரரு, அதைக்கூடப் போட்டுக்கத் தெரியாம உசுரை விட்டானே" என்று ரெத்தினத்துக்காக உச்சுக்கொட்டுவாள். கெட்ட மனசு இல்லை. புருஷன் சொன்னதை அப்படியே நம்பினாள். அந்த உச்சுக்கொட்டல் அம்சவல்லி காதுக்கு வரும்போதெல்லாம் அவளுக்கு உடம்பு பற்றி எரியும்.

வழக்கு முடிவுக்கு வந்த வருஷம், திட்டை அளந்து பிரிக்க நாள் குறித்தார்கள்; பக்கத்தில் நிற்காவிட்டால் மிராசுதாரின் பங்கு சுருங்கிவிடும். கொள்ளிடம் கரையை இடித்துக்கொண்டு ஓடியது. சர்வேயர் முன்னாலேயே போய்விட்டார். மிராசுதார் வந்தார், சலித்துப்போன குரலில் மூன்று பதிலையும் ஒப்பித்தார், ஏறினார். கரையிலிருந்து சற்றுத் தள்ளிப் போனதும் ஓடம் சுழலில் ஆடியது. எழுந்து நிற்காதே என்று சாமிதுரை கத்துவதற்குள் அவர் பயந்து எழுந்து, தலைகுப்புற ஆற்றில் விழுந்தார்.

அம்சவல்லி கரையில் எழுந்து நின்றுவிட்டாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஆரஞ்சு நிறம் மேலே வந்தது. ஆள் புரண்டார்; மல்லாந்தார்; வாய் வானத்தைப் பார்த்துத் திறந்து மூச்சை இழுத்தது. ரெத்தினம் வைக்கோல் சாக்கை வைத்துச் சொன்னபடியே எல்லாம் நடந்தது. அவளுக்கு ஓவென்று அழ வேண்டும் போல இருந்தது. இப்படித்தானே அவனும் வந்திருப்பான், இப்படித்தானே மூச்சு விட்டிருப்பான் என்று ஆத்திரமாக வந்தது.

"விட்டுடாத சாமிதுரை! கழியை நீட்டு! அந்தாளு சாவக் கூடாது!" என்று தண்ணீரில் இடுப்பளவுக்கு இறங்கிக் கத்தினாள்.

இழுத்துக் கரையில் போட்டார்கள். இருமினார், வாந்தி எடுத்தார், பிழைத்துக்கொண்டார். சேதி கேட்டு மதுரம் தெருவெல்லாம் பார்க்கத் தலைவிரிகோலமாக ஓடிவந்தாள். புருஷன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, நேராக அம்சவல்லியிடம் வந்து இரண்டு கையையும் கூப்பினாள்.

"தாலி கொடுத்த தாயே! நீ கட்டின முடிச்சு இல்லேன்னா என் கதி என்ன ஆயிருக்கும்? உன் வீட்டுக்காரனுக்கும் யாராவது இப்படிச் சரியாப் போடச் சொல்லிக் கொடுத்திருந்தா..."

திட்டிலிருந்து சர்வேயரின் ஆள் வெள்ளைத் துணியை ஆட்டிக் கூப்பிட்டான். நிலம் அளக்கும் சங்கிலியைப் பிடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். மிராசுதார் தள்ளாடி எழுந்து ஓடத்தை நோக்கி நடந்தார். அம்சவல்லி குறுக்கே போய் நின்றாள்.

"எங்க போடணும்?"

"இப்பதானே சொன்னேன்!"

"அது போன நடைக்கு. இது வேற நடை."

அவர் மனைவியைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, அம்சவல்லியிடம் முதல் தடவையாகக் கெஞ்சினார். "அம்சவல்லி, உன்னைக் கேட்டுக்கிறேன். இவ முன்னாடி வேணாம். நாளைக்கு நூறு தடவை சொல்றேன்."

"நாளைக்கு நிலத்தை அளக்க மாட்டாங்களே. ரெத்தினம் எங்க போட்டிருந்தாரு?"

சாமிதுரை கழியை ஊன்றிக்கொண்டு நின்றான். அக்கரையில் சங்கிலி வாழைக்குள் நகர்ந்தது. ஈர வேட்டியோடு மிராசுதார் நிலத்தைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், மறுபடி நிலத்தைப் பார்த்தார். நிலத்தைத்தான் எடுத்துக்கொண்டார்.

"தோள்லதான் போட்டிருந்தான். நான்தான் இடுப்புக்கு எறக்கச் சொன்னேன்."

மதுரத்துக்குக் கூப்பிய கை கூப்பியபடியே நின்றுவிட்டது. "என்ன சொல்றீங்க? அவனுக்குப் போடத் தெரியலேன்னுதானே இத்தனை வருஷமா சொன்னீங்க? நானும் இவகிட்டயே வந்து..."

மதுரம் அம்சவல்லி முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியாமல் திரும்பினாள். புருஷனைத் தொடவில்லை, ஈரம் துவட்டக் கொண்டுவந்திருந்த துண்டையும் கொடுக்கவில்லை. வந்த வழியே தனியாக நடந்து போனாள். அவர் "மதுரம், மதுரம்" என்று கூப்பிட்டார். அவள் நிற்கவில்லை.

அம்சவல்லி அவருக்குக் காய்ந்த சட்டை ஒன்றை எடுத்துத் தோளில் மாட்டி, தொடை நாடாவை இறுக்கி, முடிச்சை இழுத்துப் பார்த்துத் தலையசைத்தாள். ஓடம் போயிற்று. அவள் தூக்குவாளியைத் திறந்து, ஆற்றைப் பார்த்து உட்கார்ந்து, பழைய சோற்றை வயிறாரத் தின்றாள். ரெத்தினம் போன பிறகு சோறு ருசித்தது அன்றைக்குத்தான்.